வெல்லத்துக்கு வந்த வாழ்வு

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு இனிப்பு உண்டு. அஸ்கா என்கிற வெள்ளைச் சீனி ஒன்று, சர்க்கரை ஒன்று. சர்க்கரை என்றால் எங்கள் பக்கத்தில் நாட்டுச் சர்க்கரைதான்; 'நாட்டு' என்று அடைமொழி போட வேண்டிய அவசியம் அப்போது வரவில்லை. அஸ்கா காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருக்கும். பாட்டில் மர பீரோவுக்குள். பீரோச் சாவி ஆத்தாவின் இடுப்பில். சர்க்கரையோ கோணிச் சாக்கில், அட்டாலியில், கட்டெறும்போடு பங்கு போட்டுக்கொண்டு கிடக்கும். போகிற வருகிற பிள்ளைகள் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அஸ்கா பாட்டிலில் ஒரு விரல் அளவு குறைந்தால் மட்டும் வீட்டில் விசாரணை நடக்கும்.

வருகிறவரின் தராதரம் காப்பியில் தெரிந்துவிடும். மணியகாரர், ஹெட்மாஸ்டர், பெண் பார்க்க வந்தவர்கள், கொடுமுடிச் சம்பந்திமார், இவர்களுக்கெல்லாம் அஸ்கா போட்ட பால் காப்பி. வீட்டு ஆட்களுக்குச் சர்க்கரை போட்ட வரக்காப்பி. களை வெட்ட வந்த பெண்களுக்கும் அதே வரக்காப்பிதான், ஆனால் திண்ணைக்கு வெளியே, அவர்களுக்கென்று எரவாணத்தில் செருகி வைத்த தனி டம்ளரில். இனிப்பைப் பற்றி எழுத வந்தவன் டம்ளரைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்கலாம். காப்பியைச் சொல்லிவிட்டு டம்ளரை மறைத்தால் நன்றாக இருக்காது.

சர்க்கரையைப் பாலில் போடாததற்கு கௌரவம் மட்டும் காரணமில்லை. வெல்லத்துக்குக் கொஞ்சம் புளிப்புக் குணம் உண்டு. கொதிக்கிற பாலில் விழுந்தால் பல நேரம் பால் திரிந்துவிடும். சம்பந்தி வீட்டார் சொல்லாமல் வந்து நின்ற ஒரு நாள், பீரோவில் பாட்டில் காலி. ஆத்தா துணிந்து சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். பால் அங்கேயே கட்டிகட்டியாகப் பிரிந்தது. "பால் கெட்டுப்போச்சுங்க, ஒரு நிமிசம் இருங்க" என்று பாலின்மேல் பழியைப் போட்டுவிட்டு, கொல்லை வழியாக என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். அரை டம்ளர் அஸ்கா கைமாற்று. அடுத்த வெள்ளிக்கிழமை ரேஷன் போட்டதும் முதல் வேலையாக அந்தக் கடன் அடைந்தது. நகைக்கடன்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு சீக்கிரம் அடைந்ததில்லை.

இப்போது சென்னையில் என் மகள் வீட்டு அடுப்படிக்கு வாருங்கள். மேடைமேல் மர மூடி போட்ட கண்ணாடி ஜாடி, அதற்குள் எங்கள் அட்டாலிச் சர்க்கரை. ஜாடியில் லேபிள் ஒட்டியிருக்கிறது. ஆர்கானிக், ரசாயனம் கலக்காதது, இரும்புச் சத்து நிறைந்தது, பாட்டி காலத்துப் பாரம்பரியம். பாட்டி காலத்தில் பாட்டி இதை விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள் என்பது லேபிளில் இல்லை. விலை அஸ்காவைப்போல இரண்டு மூன்று மடங்கு. விருந்தாளி வந்தால் மகள், "அங்கிள், நாங்க வொய்ட் சுகர் யூஸ் பண்றதே இல்ல" என்று பெருமையாகச் சொல்லி வெல்ல டீ நீட்டுகிறாள். அவர்களும் பக்தியோடு வாங்கிக் குடிக்கிறார்கள்.

அஸ்கா அந்த வீட்டில் அறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிங்க்குக்கு அடியில், பாத்திரம் தேய்க்கும் சோப்புக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. வேலைக்கு வருகிற அக்காவுக்கு டீ போட. "வெல்லமெல்லாம் பொங்கலுக்குத்தான் சார் வாங்குறது, அது இன்னா வெல விக்குது" என்றார் அந்த அக்கா. தனி டம்ளர் போய்த் தனி டப்பா வந்திருக்கிறது. மகளிடம் இதைச் சொன்னேன். அன்று மாலையே அக்காவின் டீயிலும் நாட்டுச் சர்க்கரை விழுந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர டீயே போட்டுக் குடும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜாடியைப் பார்த்து உருகுகிற யாரும் அது பிறக்கிற இடத்தைப் பார்த்ததில்லை என்பது என் குறை. எங்கள் ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு நெல்லும் மஞ்சளும் கரும்பும்தான் எங்கள் பூமி. மார்கழி, தையில் சாயங்காலமானால் காட்டுக்குக் காடு புகை எழும். ஆலை ஆடுகிறது என்று அர்த்தம். முதலில் மாடு சுற்றிய ஆலை, பிறகு டீசல் எஞ்சின், அப்புறம் மோட்டார். சாறு சாக்குத் துணியில் வடிந்து தொட்டிக்குப் போகும், அங்கிருந்து கொப்பரைக்கு. நாலு ஆள் கைகோத்து நின்றால்தான் சுற்றி வளைக்கலாம், அவ்வளவு அகலமான இரும்புக் கொப்பரை. அடியில் எரிவது அதே கரும்பின் காய்ந்த சக்கை. விறகுச் செலவு கிடையாது.

சாறு சூடேறியதும் சுண்ணாம்புத் தண்ணீர் விடுவார்கள். சற்று நேரத்தில் அழுக்கு கரும்பச்சையாகத் திரண்டு மேலே வரும். அதை நீண்ட கம்பு செருகிய ஜல்லடைக் கரண்டியால் வாரி வாரி வெளியே கொட்டுவார்கள். வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பை ஊற்றினால் மிச்ச அழுக்கும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு சாறு நுரைத்துக்கொண்டு விளிம்பைத் தாண்டப் பார்க்கும். பதம் பார்க்கிற பெரியவர் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார். கொப்பரை முழுக்கப் பொங்கிய நுரை அப்படியே அடங்கி உட்காரும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு சொட்டின் வேலை எனக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது.

அவருடைய இரண்டு முன்கையிலும் தீக்காயத் தழும்பு, பொரிப்பொரியாக. தெர்மாமீட்டர் இல்லை, கடிகாரம் இல்லை. பாகில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. உருண்டால் விரலால் எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் சுண்டுவார், 'டிங்' என்று கேட்டால், "எறக்குங்கப்பா!" அந்த நிமிஷம் தவறக் கூடாது. முந்தினால் வெல்லம் பிடிக்காது, பாகாகவே நிற்கும். பிந்தினால் காந்திக் கசக்கும். இறக்கிய பாகை மரத்தொட்டியில் ஊற்றித் துடுப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தால் மணல்மணலாக உதிர்ந்து நாட்டுச் சர்க்கரையாகும். துணியில் வைத்துப் பிடித்தால் உருண்டை, அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம். நூறு கிலோ கரும்பு ஆட்டினால் வெல்லமாகத் தேறுவது பத்துக் கிலோ சொச்சம். பிள்ளைகளான எங்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு? மரவள்ளிக் கிழங்கைக் கயிற்றில் கட்டிக் கொப்பரைக்குள் இறக்கிவிட்டுக் காத்திருப்போம்.

பழனி பஞ்சாமிர்தத்துக்கும் எங்கள் பக்கத்துச் சர்க்கரைதான் போகிறது. 2019-ல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே நெஞ்சை நிமிர்த்தியது. முருகனுக்கு ஆகிறது, சம்பந்திக்கு ஆகாது என்ற வழக்கு எப்படி வந்தது என்று ஆத்தாவிடம் கேட்க அப்போது தோன்றவில்லை.

நிறத்தின் கதை இதைவிட வேடிக்கை. அன்றைக்குச் சந்தையில் வெல்லம் பொன்னிறமாக இருந்தால்தான் விலை. வியாபாரி சிப்பத்தைப் பிரித்துப் பார்த்து, கறுத்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார். வெளுப்பாக வேண்டும் என்ற அந்த ஆசைதான் கொப்பரைக்குள் ஹைட்ரோஸைக் கொண்டுவந்தது. சோடியம் ஹைட்ரோசல்பைட், துணிச் சாயத் தொழிலில் புழங்குகிற சரக்கு. ஒரு கை போட்டால் கறுப்புப் பாகு மஞ்சளாகிவிடும். கூடவே சில இடங்களில் சூப்பர் பாஸ்பேட், வயலுக்குப் போட வேண்டிய அதே உரம். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. கொப்பரைக்காரர் கையில் அளவுகோல் இல்லை, கைப்பிடிதான் இருக்கிறது.

இப்போது ஊர் ருசி மாறிவிட்டது. கறுப்பாக இருந்தால்தான் சுத்தம் என்று ஜனங்கள் தேடுகிறார்கள். ஹைட்ரோஸ் போட்டதைவிடக் கறுப்பு மேல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கறுப்புக்குப் பல வழி உண்டு. கரும்பு ரகம், மண்ணின் உப்பு, வெட்டிப் பல நாள் கிடந்த கரும்பு, பதம் தப்பிய பாகு, எல்லாமே கறுப்பைத் தரும். பதம் தப்பிக் காந்திய வெல்லத்தை எங்கள் அப்பாரு தலையில் அடித்துக்கொண்டு தவிட்டில் கலந்து மாட்டுக்கு வைப்பார். இன்றைக்கு இருந்தால் அதையே கண்ணாடி ஜாடியில் போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருக்கலாம். பாவம், முன்னாலேயே பிறந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கூத்து. வெல்லம் விலை ஏறி அஸ்கா மலிவானதும், அஸ்காவை மூட்டை மூட்டையாகக் கொப்பரையில் கொட்டிச் சாறோடு காய்ச்சி வெல்லமாக்கும் வேலை தொடங்கியது. சேலம், ஈரோடு பக்கம் வெல்ல ஆலைகளில் அதிகாரிகள் சோதனை போட்டு அஸ்கா மூட்டைகளைப் பிடித்த செய்தி பொங்கல் சமயத்தில் பேப்பரில் வருவது வாடிக்கையாகிவிட்டது. அஸ்கா உடம்புக்கு ஆகாது என்று அதைவிட இரண்டு மடங்கு கொடுத்து வெல்லம் வாங்குகிறவர், சில நேரம் வாங்கிக்கொண்டு போவது பழுப்பு வேஷம் போட்ட அஸ்காவைத்தான்.

சரி, கலப்படமில்லாத நல்ல வெல்லம் என்றே வைத்துக்கொள்வோம். லேபிள் சொல்வது நிஜமா? பாதி நிஜம். சர்க்கரை ஆலையில் எந்திரத்தில் சுழற்றிப் பிரிக்கும்போது மொலாசஸோடு போய்விடுகிற பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு வெல்லத்தில் தங்குகின்றன. அஸ்காவில் இவை இல்லை என்றே சொல்லலாம். எவ்வளவு தங்குகிறது என்று கேட்டால்தான் லேபிள் வாயை மூடிக்கொள்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலில் நூறு கிராம் கரும்பு வெல்லத்தில் இரும்பு நாலரை மில்லிகிராம் சொச்சம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம் என்கிறது 2020-ல் வந்த பரிந்துரை. டீயில் விழுகிற பத்துக் கிராமில் அரை மில்லிகிராம்கூட இல்லை. வெல்லத்தை நம்பியே அந்த 29 மில்லிகிராமை எட்டுவதென்றால் தினமும் அறுநூறு கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். அது 2,000 கலோரியைத் தாண்டும். ரத்தம் ஊறுவதற்குள் வேறு வியாதி வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த அரை மில்லிகிராமும் முழுசாக உடம்பில் சேராது. செடி கொடியிலிருந்து வரும் இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புச் சத்து அந்தக் கொஞ்சத்தையும் தடுக்கும். ஆக, இரும்புக்காக வெல்ல டீ குடிப்பவர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிறார். இதில் இன்னொன்றும் உண்டு. வெல்லத்தில் இருக்கிற இரும்பில் ஒரு பங்கு அந்தப் பழைய இரும்புக் கொப்பரையிலிருந்து இறங்கியது. இப்போது சுத்தம் சுகாதாரம் என்று எவர்சில்வர் கொப்பரை வந்துகொண்டிருக்கிறது. அதைப் படம் பிடித்துத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள், 'இரும்புச் சத்து' என்ற வரிக்குப் பக்கத்திலேயே.

தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு வெல்லம் நல்லது என்று ஒரு நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் பஞ்சாலைக்குப் போனவர்கள் மடியில் ஒரு துண்டு முடிந்து வைத்திருப்பார்கள். இதற்கு ஆதாரமே இல்லை என்று ஒதுக்க முடியாது. லக்னோவில் ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்து, நுரையீரலில் படிந்த தூசுத் துகள்கள் வெளியேறுவதற்கு அது உதவுவதாக 1994-ல் எழுதியிருக்கிறார்கள். எலிகளுக்கு. அந்தக் கடைசிச் சொல் மட்டும் வாட்ஸாப்புக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

எனக்குத் தோன்றுவது, வெல்லத்துக்கு இருக்கிற நற்பெயரில் பெரும்பங்கு அதன் கூட்டாளிகள் சம்பாதித்துக் கொடுத்தது. வெல்லம் அந்தக் காலத்தில் தனியாக எங்கேயும் போனதில்லை. நிலக்கடலையோடு சேர்ந்தால் கடலை மிட்டாய். கடலையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு புரதம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாயும் வெல்லப் பாகில் பிடித்ததுதான். எள்ளோடு சேர்ந்தால் எள்ளுருண்டை. சுண்ணாம்புச் சத்துக்கு எள்ளை மிஞ்ச ஆளில்லை. பாசிப்பயறோடு பொங்கல், பச்சரிசி மாவோடு மாவிளக்கு, எலுமிச்சையோடு பானகம். எலுமிச்சையின் புளிப்பு இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள ஒத்தாசை செய்யும். டீ செய்வதற்கு நேர் எதிர். அதுவும் தினமும் இல்லை. நோன்பு, பண்டிகை, ஆலை ஆடும் மாசம். சாப்பிட்டவர்கள் விடிவதற்குள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனவர்கள். கடலையும் எள்ளும் மண்வெட்டியும் போய்விட்டன. வெல்லம் மட்டும் பழைய நற்சான்றுப் பத்திரத்தோடு டீ டம்ளருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெல்லத்துக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள். காந்தி 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்துகொண்டு நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசியும் வெல்லமும் அவர்கள் ஊர் ஊராகச் சொன்னவை. சத்தைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் வெல்லம் வாங்கினால் காசு கிராமத்திலேயே தங்கும் என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். இன்றைய லேபிளில் சத்து தங்கியிருக்கிறது, கிராமம் போய்விட்டது. சந்தையில் சிப்பத்துக்கு நூறு ரூபாய் இறங்கினால் எங்கள் ஊரில் ஆலைக்காரர் அந்த வாரக் கூலி கொடுக்கத் திணறுகிறார். ஜாடி விலை ஒருநாளும் இறங்குவதில்லை.

கடைசியாக எங்கள் மாமா கதை. அக்காவின் வீட்டுக்காரர், கோபியில் இருக்கிறார். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லியது, அந்த 14.4-ல் மாமாவும் அடக்கம். அஸ்காவை அன்றே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வேளைக்கு இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை. நடுவில் வாய் நமநமத்தால் ஓர் அச்சு.

"ஏனுங்க மாமா, டாக்டர் வேண்டாம்னு சொல்லலீங்களா?" என்றேன்.

"அவரு அஸ்கா வேண்டாம்னாரு. நான் அத வெச்ச பக்கங்கூடத் திரும்பறதில்ல மாப்ள."

மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேறு சொன்னது. அடுத்த தடவை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அஸ்காவுக்கு இளைத்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்கிற சர்க்கரையில் வெல்லம், தேன் எல்லாம் சேர்த்திதான். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். உடன்குடியிலிருந்து ஐந்து கிலோ கருப்பட்டி பார்சலில் வந்திறங்கியிருக்கிறதாம். போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"டாக்டரு அத்தன நேரம் கரும்பப் பத்தித்தான மாப்ள பேசுனாரு? இது பனையில வர்றது."